பேராச்சியின் விரல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் கௌரவமானதல்ல. மும்பையில் சுனாபட்டி போகும் ரயிலில் பக்கத்து ஆளின் போனை எட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியில் ஆரஞ்சு நிற ரப்பர் படகு. அதில் நைட்டி போட்ட பெண்மணி ஒருத்தி, முறுக்கு தின்றுகொண்டு. "இது என்ன?" என்றேன். "டெஸ்டிங்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'அன்று அரபிக்கடல் கொந்தளித்துக்–'

(வேண்டாம். டேங்கர் தண்ணீர் எங்கே கொந்தளிக்கப் போகிறது?)

நேராகவே சொல்கிறேன். மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தப்பி மேலே வருபவன், உதவி வரும்வரை ஏறி உட்கார்வதற்கு ஒற்றையாள் படகு. தாராவியில் இசக்கிதுரையின் ரப்பர் பட்டறைக்குக் கடற்படையிலிருந்து அந்த ஆர்டர் வந்திருக்கிறது. இது கைவிட்டுப் போனால் பட்டறையை மூடவேண்டியதுதான். சோதனை: எண்பது கிலோ ஆள் இருபத்துநான்கு மணி நேரம் உட்கார்ந்தும் காற்று இறங்கக் கூடாது. பட்டறையில் எண்பது கிலோ இருந்தது அவன் மனைவி பேராச்சி மட்டும்தான்.

(தொட்டியைச் சுற்றி அக்கம்பக்கத்தார் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். சோதனை முடிந்ததும் தண்ணீர் அவர்களுக்கு. இதற்கு எனக்குக் கற்பனையே தேவைப்படவில்லை.)

3

மறுநாள் காலை, இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி. பேராச்சி கண்ணயர்ந்து புரண்டாள். தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கு திறந்து படகில் குத்திவிட்டது. உஸ்ஸென்றது. சட்டென்று விரலால் அடைத்துக்கொண்டாள்.

சோதனை அதிகாரி வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காக்காரர், நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"என்னம்மா, சௌகரியமா இருக்கேளா? ரெண்டு கையையும் தூக்குங்கோ, போட்டோ எடுத்துக்கறேன்."

ஒரு கை எழுந்தது.

"இன்னொண்ணு?"

"அது மரத்துப்போச்சி சார்."

அவர் நகர்ந்ததும் இசக்கிதுரை குனிந்தான். "ஏட்டி, வெரல எடுத்துராத."

"எடுக்கலன்னா? அவரு இதையேதான மடிச்சு சீல் வச்சுக் கொண்டுபோவாரு? எவ பெத்த பிள்ளையோ நடுக்கடல்ல இதுல வந்து ஏறுவான்."

யாருடைய ஊக்கு என்று சோதனை விதி கேட்பதில்லை. காற்று இறங்கினால் ஆர்டர் போச்சு.

4

முடிவு ஒன்று: விரலை எடுக்கிறாள். பட்டறைக்குப் பூட்டு.

முடிவு இரண்டு: எடுக்கவில்லை. கைதட்டல். ஆறு மாதம் கழித்து ஒரு மாலுமி மேலே வந்து, இந்தப் படகை–

(என்னால் இதை எழுதி முடிக்க முடியவில்லை.)

முடிவு மூன்று: அதிகாரி மனமிரங்கி... (மாட்டார். அவரைப் படைத்தவன் நான், எனக்குத் தெரியாதா.)

இங்கேதான் பேராச்சி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நான் செவனேன்னு உக்காந்திருந்தேன். இந்த ஊக்கைத் தொறந்துவிட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப வந்து அவருட்ட சொல்லுங்க."

வெட்கமாக இருந்தது. போகவும் இல்லை. ஊக்கு திறந்த வரியை அழிக்கலாம் என்றால், அவள் விரல் அதன் மேல்தான் இருக்கிறது.

இன்னும் பத்து நிமிடம். அவளுக்குக் கை நிஜமாகவே மரத்துவிட்டது. வேங்கடசுப்ரமணியன் கடிகாரத்தைப் பார்க்கிறார். நானோ பயந்தவன், நீங்களும் இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். நீங்களாவது அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.