ஆறுமுகநாதன் மலையான கதை

குளியலறைக் கதவை ஒரு விரல் அளவு திறந்து, "துவாயை எடுத்துத் தாங்கோ" என்று பவித்ரன் கூப்பிட்டான். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவன் அம்மா தவமணிதேவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொடியிலதானே கிடக்கு, நீங்களே எடுக்கக் கூடாதோ? எந்த நாளும் நான்தான் பின்னால வரவேணுமோ?" என்றாள்.

முன்வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் கணவர் ஆறுமுகநாதன் திடுக்கிட்டார். "நான் இப்பதானே வந்தனான்? வாயே திறக்கேல்லையே!"

இருவரும் குளியலறைக் கதவைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து மறுபடியும் அதே கரகரத்த, கனத்த குரல் வந்தது. ஆறுமுகநாதனுக்குத் தன் குரலைத் தானே கேட்பதுபோல் இருந்தது. தவமணிதேவி சிரித்துவிட்டாள். "பிள்ளை பெரியவனாகிட்டான்" என்று சொல்லித் துவாயைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கதவுக்குப் பின்னால் நின்ற பவித்ரனுக்குச் சிரிப்பு வரவில்லை. தலையில் சவர்க்கார நுரையோடு அப்படியே நின்றான். அவன் படிக்கிற மாத்தளைப் பாடசாலையின் கொயர் பாட்டுக் குழுவில் அவன்தான் முதல் குரல். மற்றப் பையன்கள் உச்ச ஸ்வரத்துக்கு ஏறி மூச்சு வாங்கும் இடத்தில் அவன் சாவகாசமாக நின்று கொண்டிருப்பான். அந்தக் குரல் இனி வராது.

கொயரை நடத்தியவர் சங்கீத ஆசிரியை சிவதர்ஷினி. பையன்களை ஒரு மெழுகுதிரிக்கு முன்னால் நிறுத்தி, சுடர் அசையாமல் பாடச் சொல்வார். கலர் ஐஸ் பக்கெட் உறிஞ்சுகிறவனை நாக்கின் நிறத்தை வைத்தே கண்டுபிடிப்பார். பாட்டு முடிந்தால் கைதட்ட மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடி துடைத்தால் அன்றைக்குப் பாட்டு நன்றாக இருந்தது என்று பையன்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. குரல் உடைந்தால் கொயரில் இடமில்லை. போன வருடம் அழகமுத்துவின் குரல் உடைந்தது. இப்போது அவன் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறான்.

பெட்டி தூக்குவதுகூடப் பெரிய காரியமில்லை. வார நாட்களில் கொயர்ப் பயிற்சி நடப்பது கணக்குப் பாட நேரத்தில். கொயர் போனால் கணக்கு வரும்.

அதனால் பவித்ரன் பள்ளிக்கூடத்தில் பேசுவதை நிறுத்தினான். யாராவது ஏதாவது கேட்டால் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கண்ணைச் சுருக்கினான். உண்மை அவனுடைய கூட்டாளி பஸ்லிக்கு மட்டும் தெரியும். கொயரில் இரண்டாவது குரல் பஸ்லிதான். சனிக்கிழமை நடக்கும் மேலதிகப் பயிற்சிக்குப் பவித்ரன் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது. அப்பா கிணற்றடியில், அம்மா சந்தையில். பவித்ரன் எடுத்து, "ஹலோ" என்றான்.

"ஆறுமுகநாதன் சாருங்களா? நான் சிவதர்ஷினி டீச்சர் பேசுறேன். பவித்ரன் நேத்து பிராக்டிசுக்கு வரலீங்களே?"

பவித்ரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடியது. அதுவும் அப்பாவின் யாழ்ப்பாணத் தமிழில் ஓடியது.

"ஓம் டீச்சர், நான்தான் கதைக்கிறன். அவனுக்குக் காய்ச்சல். தொண்டையும் கட்டிப்போச்சு. நான்தான் போக வேண்டாம் எண்டனான்."

"ஐயோ பாவம். கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க." டீச்சர் வைத்துவிடுவார் என்று பவித்ரன் மூச்சு விட்டான். அவர் வைக்கவில்லை. "சார், ஒண்ணு கேக்கலாமா? நீங்க பாடுவீங்களா? ஒங்க குரல் அவ்வளவு கனமா இருக்கு."

விஷயம் இதுதான். அடுத்த மாதம் பக்கத்து ஊரான நாவுலயில் கலை விழா. அதற்காக டீச்சரே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். மழைக்கும் மலைக்கும் வாக்குவாதம். மழையாகப் பையன்கள் எல்லாரும் உச்சத்தில் பாடி, வழி விடச் சொல்லி மலையை நச்சரிப்பார்கள். மலை மூன்று முறை ஒரே வரியைத்தான் பதிலாகச் சொல்லும். அந்த வரிக்குக் கனத்த ஆண்குரல் வேண்டும். டீச்சர் பாடசாலை முழுக்கத் தேடிவிட்டார். விளையாட்டு மாஸ்டரைப் பாட வைத்துப் பார்த்ததில் மலை விசில் ஊதுவதுபோல் இருந்ததாம்.

"சும்மா ஒரு வரி சார். நான் பாடுறேன், கேட்டுட்டுப் பாடுங்க." டீச்சர் தொலைபேசியிலேயே பாடிக் காட்டினார். *இருந்து போ மழையே, இருந்து போ.*

மறுத்திருக்கலாம். அப்பா பாடமாட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட, ஆறுமுகநாதன் தேவாரம் பாடத் தொடங்கினாலே தவமணிதேவி மணியைப் பலமாக அடிப்பாள். ஆனால் பவித்ரன் பாடாமல் இருந்து பல நாளாகியிருந்தது. வாயைத் திறந்தான். வரி கீழே இறங்கியது; இறங்க இறங்க இடம் இருந்தது. கடைசி ஸ்வரத்தில் போய் அசையாமல் நின்றான். இவ்வளவு நாளும் தன் தொண்டைக்குள் என்னவோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தான்.

பிறகு டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "சார், நீங்கதான் மலை. மறுக்கவே கூடாது. பவித்ரன் வேற முடியாம இருக்கான். அவன் எடத்துல பஸ்லிய பாட வைக்கிறேன். நீங்களும் கைவிட்டுட்டீங்கன்னா நான் என்ன செய்வேன்?"

"ஓம்" என்றது அப்பாவின் குரல்.

திங்கட்கிழமை இதைக் கேட்ட பஸ்லி தலையில் கைவைத்தான். "நீ பொய் சொன்னது ஒரு பக்கம் கெடக்கட்டும்டா. ஒன்ட வாப்பாவ ஏன்டா மலையாக்கின?"

விழாவுக்கு முதல் நாள் அப்பாவின் காலைச் சுளுக்க வைத்துவிடலாம், அவர் குரலில் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று பவித்ரன் கணக்குப் போட்டிருந்தான். கணக்கு எப்போதும்போலப் பிழைத்தது. வெள்ளிக்கிழமை முத்துமாரியம்மன் கோயிலில், அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஆறுமுகநாதனை டீச்சர் கண்டுவிட்டார். பக்கத்தில் ஆறுமுகநாதனின் மேலதிகாரி, நீர்ப்பாசன எஞ்சினியர் பொன்னையா நின்றார். தூண் மறைவில் பவித்ரன் நின்றான்.

"சார், அன்னிக்கு போன்ல பாடினீங்களே, இன்னும் காதுலயே நிக்குது" என்றார் டீச்சர். "நாவுலயில ஒங்கள கேட்டா சனம் அப்படியே உக்காந்துரும்."

பொன்னையா ஆச்சரியத்தோடு திரும்பினார். "ஆறுமுகநாதன், நீர் பாடுவீரோ? இவ்வளவு காலமும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே!"

பவித்ரன் கண்ணை மூடிக்கொண்டான். அப்பா இல்லையென்று சொல்லப்போகிறார், இந்த இடத்திலேயே எல்லாம் முடியப்போகிறது. அப்பாவின் பார்வை தூணுக்குப் பின்னால் வந்து ஒரு கணம் நின்றது. பிறகு அவர் நெஞ்சை நிமிர்த்தித் தொண்டையைச் செருமினார்.

"ஏதோ கொஞ்சம் பாடுவன்" என்றார் அடக்கமாக. "ஒஃபீஸ் வேலையால பிராக்டிசுக்குத்தான் வரேலாது டீச்சர். அண்டைக்கு நேர வந்திடுறன்."

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார். பவித்ரன் அடிக்குத் தயாராகி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தான். ஆறுமுகநாதன் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த டீச்சர் உண்மையா நல்லாயிருக்கு எண்டு சொன்னவவோ?" என்று கடைசியில் கேட்டார்.

"ஓம் அப்பா."

"பொன்னையாவுக்கு முன்னால ஓம் எண்டிட்டன். இனிப் பின்வாங்கேலாது. நானே பாடுறன்."

பாடியும் காட்டினார். உள்ளறையிலிருந்து தவமணிதேவி ஓடி வந்தாள். "என்னப்பா, விழுந்திட்டீங்களோ?" என்று கேட்டாள்.

அதோடு அந்த யோசனை கைவிடப்பட்டது. புது யோசனை தவமணிதேவியுடையது. மலைக்குச் சாம்பல் நிறக் கம்பளிதான் உடை, நிற்பது ஒரு வாங்குப் பலகையில் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கம்பளி பெரிது. அப்பா வாங்கில் ஏறி வாயை அசைக்கட்டும், மகன் கம்பளிக்குள் இருந்து பாடட்டும். "ஒரு வரிதானே, மூண்டு தரம்தானே" என்றாள். பிறகு தினமும் பின்னேரம் தகப்பனும் மகனும் கண்ணாடி முன்னால் பழகினார்கள். ஆறுமுகநாதன் வாயசைப்பில் நல்ல தேர்ச்சி பெற்றார். கையை எப்படி நீட்டுவது, புருவத்தை எங்கே உயர்த்துவது என்பதெல்லாம் அவராகவே சேர்த்துக்கொண்டவை.

விழா நாளன்று நாவுல மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பிரதம விருந்தினர். அவருக்குப் பக்கத்தில், மனைவியோடு வந்த பொன்னையா. தொண்டை இன்னும் தேறாத மகன் வீட்டில் இருப்பதாகச் சொல்லி, ஆறுமுகநாதன் கம்பளியோடு மேடைக்குப் பின்னால் போனார். பின்கதவால் வந்த பவித்ரன், திரை விலகுமுன் கம்பளிக்குள் புகுந்து வாங்கில் குந்திக்கொண்டான். உள்ளே அந்துருண்டை மணமும் அப்பாவின் வியர்வையும். மலைக்கு முன்னால் மழை மூன்று வரிசையாக நின்றது.

பாட்டுத் தொடங்கியது. பஸ்லி மேலே மேலே போனான். தான் நிற்க வேண்டிய இடத்தில் இன்னொருவன் நிற்கிறான் என்று பவித்ரனுக்கு ஒரு நொடி வலித்தது. ஆனால் பஸ்லி நன்றாகப் பாடினான், அதை மறுக்க முடியாது. பிறகு மலையின் முறை வந்தது. *இருந்து போ மழையே, இருந்து போ.* அப்பாவின் கால் பெருமையில் விறைப்பதைப் பவித்ரன் பக்கத்திலிருந்தே பார்த்தான். சனம் ஆடாமல் இருந்தது.

இரண்டாவது முறையும் பிசகவில்லை. மூன்றாவது முறைக்கு டீச்சர் ஒரு புதுமை வைத்திருந்தார். மலைமேல் மூடுபனி இறங்க வேண்டும். அதற்காக அழகமுத்து ஒரு தட்டு நிறையச் சாம்பிராணி போட்டு, வாங்குக்குப் பக்கத்தில் வைத்து விசிறினான். ஆர்மோனியம் தூக்கித் தூக்கி அவன் கை நல்ல பலமாகியிருந்தது.

மூடுபனி மலையின் மூக்குக்குள் இறங்கியது. ஆறுமுகநாதன் தும்மினார். பிறகு இருமினார். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார். பாட்டு மட்டும் நிற்கவில்லை. மலை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்க, மலையின் குரல் சற்றும் பிசகாமல் மழையை இருந்து போகச் சொல்லிக்கொண்டிருந்தது. யாரோ பின்வரிசையில் சிரிக்கத் தொடங்கினார்கள். ஏழாவது தும்மலில் கம்பளி நழுவி விழுந்தது.

கண் கூசும் வெளிச்சத்தில், வாங்கின்மேல் குந்தியபடி, வாய் திறந்தபடி பவித்ரன் இருந்தான். வரி பாதியில் நின்றது. முன்னால் நின்ற மழை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்று பஸ்லி உதட்டை அசைத்தான். ஓடலாம் என்றால் அப்பாவின் கால் வழியை மறித்திருந்தது.

டீச்சர் அவனையே பார்த்தார். அவருடைய வலது கை தாளத்தை விடவில்லை. இடது கையை மெல்ல உயர்த்தி, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, அவனை எழுப்பினார். பவித்ரன் எழுந்து நின்றான். வரியை முதலிலிருந்து எடுத்தான். கம்பளிக்குள் முட்டிக்கொண்டிருந்த குரல் மண்டபத்தின் பின்சுவர்வரை போனது. பஸ்லி மேலேயிருந்து வந்து அதைச் சந்தித்தான். கீழும் மேலும் சேர்ந்து ஒலித்தபோது சிரித்தவர்கள் சிரிப்பை மறந்தார்கள். பக்கத்தில் நின்ற ஆறுமுகநாதன் கண்ணைத் துடைத்தார். சாம்பிராணியால்தான் என்று பிறகு சொன்னார்.

பிரதம விருந்தினர் தம் உரையில் அந்தக் காட்சியை எடுத்துப் பேசினார். "மலை வருந்தி, குலுங்கி, தன் வயிற்றிலிருந்தே ஒரு பிள்ளையை மழைக்குக் கொடுக்கிறது. எவ்வளவு ஆழமான கருத்து!" சிவதர்ஷினி டீச்சர் எழுந்து கைகூப்பி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் கைகூப்பல் இல்லை. "போன்ல பாடினது யாரு?"

"நான்தான் டீச்சர்."

"காய்ச்சல்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"கொரல் ஒடஞ்சா வந்து சொல்றதுக்கு என்னடா?"

"நீங்க வெளிய போட்டுடுவீங்களே டீச்சர். அழகமுத்துவப் போட்டீங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு மாசம் பிராக்டிஸ் ஹோல் கூட்டுறது நீதான்" என்றார். "பிராக்டிசுக்கு முந்தியே வந்து கூட்டணும். கூட்டிட்டுப் பின்வரிசையில நில்லு."

சாம்பிராணித் தட்டோடு நின்ற அழகமுத்து அதைக் கீழே வைத்தான். "அப்ப நானும் வரலாமா டீச்சர்?"

"எங்க, பாடு பாப்போம்."

அவன் பாடினான். பின்னுக்கு எடுக்கிற லொறியின் சத்தம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசித்து, அவனையும் சனிக்கிழமை வரச் சொன்னார்.

வெளியே பொன்னையா ஆறுமுகநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாட்டு உம்முடையது இல்லையெண்டாலும் நடிப்பு உம்முடையதுதானே? அந்தத் தும்மலை எத்தினை நாள் பழகினனீர்?"

"ஒரு மாசம்" என்றார் ஆறுமுகநாதன்.

தவமணிதேவி மகனின் தோளைப் பிடித்து, மாத்தளை பஸ் நின்ற பக்கமாக வேகமாகத் தள்ளிக்கொண்டு போனாள். நின்றால் ஆறுமுகநாதன் அடுத்த வருட விழாவுக்கு அவளையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிடுவாரோ என்ற பயம்.