கீழ்வீட்டுக் கொலஸ்ட்ரால்

செம்பாவின் தம்பிக்குப் போன ஆடியில் எலும்பு முழுக்க இளகிவிட்டது. அம்மா அவனை நான்காக மடித்துப் பீரோவில் பட்டுச் சேலைகளுக்குக் கீழே வைத்தாள். பாச்சை உருண்டை போடவில்லை. அவனுக்குத் தும்மல் வரும்.

இப்போது செம்பாவின் முழங்காலிலும் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை மடிக்கிறவள் அவள். இந்த மாதிரி மடிப்பு இஸ்திரி போட்டாலும் போகாது என்று அவளுக்குத் தெரியும். டாக்டரிடம் ஓடினாள்.

"பரம்பரைக் கோளாறும்மா. ஊருக்கெல்லாம் கொலஸ்ட்ரால் கூடிக் கெடக்கு. ஒங்க ஒடம்பு அதச் செய்யவே மாட்டேங்குது. தோலுக்கடியில அந்தச் சரக்கு இருந்தாத்தான் வெயில் பட்டு வைட்டமின் டி ஆகும். இல்லேன்னா எலும்பு நிக்காது."

அப்பா, அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். சொத்து வெளியே போகக் கூடாதென்று கட்டிவைத்தார்கள். சொத்து போகவில்லை. இதுவும் போகவில்லை.

மறுநாள் மத்தியானம், மாடி மாடியாகப் போய் வெயில் போடுகிற வெயில்காரர் மொட்டைமாடிக்கு வந்தார். வழக்கம்போல் குடை பிடித்திருந்தார். மிளகாயைத் தொட்டார், காய்ந்தது. வடகத்தைத் தொட்டார், காய்ந்தது. செம்பாவின் கையைத் தொட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எண்ணெ இல்லாத கல்லுல என்னத்த ஊத்த, தாயி?"

செம்பா தடதடவென்று படியிறங்கினாள். கீழ்வீட்டுத் துரைராஜ் அண்ணாச்சி கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காக வீட்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். மனுஷனுக்கு வாயெல்லாம் பல். அங்கேயே புஜத்தைப் பிழிந்து ஒரு சொம்பு நிறையக் கொடுத்தார்.

"சொம்ப மெதுவாத் தந்தாப் போதும், பிள்ள."

வெதுவெதுப்பாக இருந்தது. உடம்பெல்லாம் பூசிக்கொண்டு மேலே ஏறினாள். ஏறும்போதே இடுப்பில் இன்னொரு மடிப்பு விழுந்தது. வெயில்காரர் குனிந்து அவள் தோளை முகர்ந்து பார்த்தார்.

"இது கீழ்வீட்டுச் சரக்குல்லா."

"ஆமா."

"ஒங்க வீட்டுல வெளியாளுகிட்ட எதுவும் எடுக்குற வழக்கம் இல்லியே."

"நான் எடுக்கேன்யா. காலப் பிடிச்சுக் கேக்கேன்."

"ஒங்கம்மா கல்யாணத்துக்கு முந்தி வந்து கேட்டிருக்கணும்."

"அப்ப நான் பொறக்கவே இல்லியே!"

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

அவர் குடையைச் சுருக்கிக்கொண்டு அடுத்த மாடிக்குப் போய்விட்டார். செம்பாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினாள்.

"எனக்கு நிக்கணும்! நின்னாப் போதும்!"

அடுத்த மாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. அங்கே காயப்போட்டிருந்த போர்வை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு முதலில் முழங்கால் மடங்கியது. பிறகு இடுப்பு.

வடகம் எடுக்க வந்த அம்மா முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். பெற்ற வயிறு, துடித்துப்போனாள். மகளை மடியில் இழுத்துப் போட்டு ஒவ்வொரு மடிப்பாக நீவி நீவிப் பார்த்தாள். ஒன்றுகூட நிமிரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள்.

"மொகம் வெளிய தெரியுத மாதிரி மடிக்கட்டுமா, ஏட்டி?"

செம்பா அம்மாவின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். மகளின் கை ஏற்கெனவே உள்மடிப்புக்குள் போயிருந்தது.