வரவு, பெட்ரோல், போண்டா

1

இந்தக் கதை தப்பான குரூப்பில் பிறந்தது. என் கணவர் சில்வெஸ்டர் பொம்மனஹள்ளியில் பைக் டாக்சி ஓட்டினார். எழுதச் சோம்பல். அன்றன்றைய வரவு செலவைப் போனில் பேசித் தனக்கே அனுப்பிக்கொள்வார். ஒரு சாயங்காலம் அது எங்கள் சர்ச் பாடகர் குழுவின் குரூப்புக்குப் போய்விட்டது.

2

அன்று மழை பெய்து

(பெய்யவில்லை. கதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு மழை வந்துவிடுகிறது.)

ஒத்திகைக்கு எல்லாரும் வந்திருந்தோம், அவரைத் தவிர. கீபோர்டு வாசிக்கும் டென்சில், "அண்ணன் லேட்டாகும்னு சொல்றார்போல" என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"வரவு ஆயிரத்து நூத்தி நாப்பது. பெட்ரோல் முன்னூறு. பஞ்சர் எம்பது. போண்டா... வீட்ல ஒண்ணுன்னு சொல்லணும். ரெண்டு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் அவருக்கு எண்ணெய்ப் பலகாரமே கூடாது என்றிருந்தார்.

அவர் உள்ளே நுழைந்ததும், "வாங்க, ரெண்டு போண்டா!" என்று டென்சில் வரவேற்றான்.

அவர் முகம் போன போக்கு! "ஐயோ அல்போன்சா, அழிச்சிடறேன்."

"அழிச்சா சோறு கிடையாது. இனிமே கணக்கு இங்கதான்."

3

அதன்பின் அந்தக் கணக்கைக் கேட்காமல் ஒத்திகை தொடங்கியதில்லை.

"ஒயிட்ஃபீல்ட் போய்ட்டு பெட்ரோல் இவ்ளோதானாண்ணே? தள்ளிட்டே போனீங்களா?" என்பான் டென்சில்.

"உன் கீபோர்டை நெனச்சேன்டா. வண்டி பயந்துபோய்த் தானா ஓடிச்சு."

(டென்சிலைக் கொஞ்சம் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், கதைக்கு ஒருவன் வேண்டுமே என்று. ஒரு வரிகூட நிற்கவில்லை.)

4

இங்கே ஆஸ்பத்திரி பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். போன தவக்காலத்தில் அவர் இறந்துபோனார் என்பது போதும்.

அதற்குப் பிறகு குரூப்பில் ஒத்திகை நேரம் மட்டும் வரும். நான் எதைப் போட்டாலும் கைகூப்பும் படங்கள்தான் பதில். எனக்கு அந்தப் பழைய சிரிப்பு வேண்டியிருந்தது. திரும்பி வராதோ என்பதுதான் என் பயம்.

5

பைக் ஓட்ட அவர்தான் சர்ச் மைதானத்தில் சொல்லித் தந்தார். "சுருதி ஏறுது பார், கியரை மாத்து!" என்று கத்துவார். போன வாரம் அவர் வண்டியை நானே டாக்சியாக எடுத்தேன். முதல் சவாரி ஒரு காலேஜ் பெண். சில்க் போர்டு சிக்னலில் என்னையறியாமல் முணுமுணுத்திருக்கிறேன்.

"அக்கா, பாட்டுக்கு எக்ஸ்ட்ராவா?"

"இன்னைக்கு ஃப்ரீ, கேட்டுக்கோ."

6

முடிவு ஒன்று: கணக்கை எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கிப்போகிறேன். (சப்பென்று இருக்கிறது.)

முடிவு இரண்டு: குரூப்பில் அழுகிறேன், எல்லாரும் அழு (அவருக்குக் கோபம் வரும்.)

நடந்தது இது. சர்ச் கேட்டருகே வண்டியிலிருந்து இறங்காமலே பேசினேன்.

"வரவு அறுநூத்தி பத்து. பெட்ரோல் இருநூறு. போண்டா... மூணு."

அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஹாலுக்குள்ளிருந்து என் குரலே ஸ்பீக்கரில் கேட்டது. 'மூணு' என்று முடிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் காத்திருந்தேன்.

அடுத்து என்ன நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்களோ, அதுதான் நடந்தது.