காசியம்மாளின் கை

...அதெப்படி ஒன்றுகூட உடையாமல் போகும், ஒரு டஜன் கண்ணாடி வளையல், அத்தனையும் காசியம்மாளின் மணிக்கட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய்விட்டது, அவள் முகம் சுளிக்கவில்லை, ஸ்ஸ் என்று ஒரு சத்தம் இல்லை, போட்டுவிட்ட தீர்த்தகிரியும் வாயைத் திறக்கவில்லை, அதுதான் ராமக்காளுக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருஷமாகப் புருஷன் தீர்த்தகிரியோடு பாப்பிரெட்டிப்பட்டி சந்தையில் வளையல் கடை போடுகிறவளுக்குத் தெரியாதா என்ன? யார் கையைப் பிடித்து அமுக்கினாலும் அது விறைக்கும், கட்டை விரல் துருத்திக்கொண்டு நிற்கும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, தூசி வந்தால் இமை மூடிக்கொள்கிற மாதிரிதான், உடம்பு தன்னைத் தானே காத்துக்கொள்கிறது, உடையவளை ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதை ஏமாற்றத்தான் தீர்த்தகிரி பேச்சுக் கொடுப்பான். "ஏம்மா, வூட்ல இன்னைக்கு என்னா கொழம்பு?" வந்தவள் யோசித்து, கத்திரிக்காய் என்பாள், கை அசந்த அந்த ஒரு நொடியில் வளையல் ஏறிவிடும். ஊருக்கெல்லாம் குழம்பு விசாரிக்கிறவன் இவளிடம் மட்டும் ஏன் விசாரிக்கவில்லை? விசாரிக்க அவசியமே இல்லாமல் அந்தக் கை அவன் கைக்குள் இளகிக் கிடந்ததே, எத்தனை நாள் பழக்கமோ...

இத்தனைக்கும் அது ஒன்றும் பூப்போன்ற கை இல்லை, சத்துணவுக் கூடத்தில் சோற்றுக் குண்டான் இறக்கிக் காய்ப்பு ஏறின கை. அண்ணா அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள், கூப்பிட்டால் ஆயிற்றா? ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் பத்து நாள் கிடக்கிறது, அதற்குள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் போடட்டுமா என்று ராமக்காள் நகர்ந்து வந்தபோது என்ன சொன்னாள்? "அண்ணனே போடட்டுங்கக்கா, நீங்க போட்டா நோவுது." நோவுதாம்! இவளுக்கு மட்டும்தான் எலும்பும் தோலும் இருக்கிறது, சந்தைக்கு வருகிற மற்றவளெல்லாம் மரக்கட்டை. இந்தக் காசி எழுந்து போவதற்குள் ஒன்று செய்ய வேண்டும், அவள் கண்ணால் பார்க்க வேண்டும், யாருடைய புருஷன் என்று... "ஏங்க, எனக்கும் அதே பச்சையில போட்டு வுடுங்க." தீர்த்தகிரி நிமிர்ந்து பார்த்தான். "உனக்கா? நீதான் சோப்புப் போட்டு நீயே ஏத்திக்குவியே." ஆமாம், இப்போதெல்லாம் அப்படித்தான், எப்போதிலிருந்து அப்படி ஆயிற்று, கல்யாணமான புதிதில் அவன்தானே போட்டுவிடுவான்... "இன்னைக்கு நீங்க போடுங்க" என்று கையை நீட்டினாள்.

இளகு, இளகு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவன் விரல்களைக் குவித்து அமுக்கியதும் கை உலக்கையாக விறைத்தது. "என்னாத்துக்கு இப்டி வெறைக்கிற, லூசா வுடு." விடத்தானே பார்க்கிறேன், விட மாட்டேன் என்கிறதே. காசியம்மாள் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள், போய்த் தொலையக் கூடாதா. "சரி, வூட்ல என்னா கொழம்பு?" என்று பழக்கதோஷத்தில் அவளையே கேட்டான், குழம்பு வைத்துவிட்டு வந்தவளிடமே! அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை, பட்டென்று வளையல் உடைந்தது, புறங்கையில் ஒரு துளி ரத்தம், ஒரு சில்லு தெறித்துக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்துவிடத்தான் தீர்த்தகிரி கையைத் தூக்கினான், அது பிறகுதான் அவளுக்குப் புரிந்தது, அதற்குள் கண் இறுக மூடி, தோள் காதுவரை ஏறி, முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, நீட்டியிருந்த கை மாரோடு வந்து ஒட்டிக்கொண்டது.

தொப்பூர் ஓட்டல் வாசல். வளையல் பெட்டியை பஸ்ஸிலேயே விட்டு இறங்கிவிட்டாள் என்று, அத்தனை லாரிக்காரர்கள் பார்க்க, ஒரே அறை. மூன்று வருஷம் ஆகிறது. அன்று ராத்திரி அவனே அழுதான், அப்புறம் விரல்கூட ஓங்கியதில்லை, அவளும் மறந்துவிட்டாள், மறந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சூடம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அப்போ மறந்தது யார்? "என்னாடி... நான் அடிக்கவா வந்தேன்?" தீர்த்தகிரி தூக்கிய கையை இறக்கினான். காசியம்மாள் சட்டென்று தலையைக் குனிந்து புது வளையல்களை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள், பார்த்துவிட்டாள். அந்தக் கை இவனிடம் வாங்கியதெல்லாம் வளையல் மட்டும்தான், பயப்பட ஒன்றுமில்லை, இளகிக் கொடுத்தது, அவ்வளவுதானா? அப்படியென்றால் இத்தனை நேரமும் வயிறு எரிந்தது புருஷனுக்காகவா, அந்தக் கைக்காகவா? அவன் அடிக்க வரவில்லை, அது அவளுக்கு நன்றாகத் தெரியும், காசியம்மாளுக்குக்கூடத் தெரியும். "இல்லீங்க... சும்மாத்தான், போடுங்க" என்று சொல்லிக் கையை நீட்டப் பார்த்தாள். மாரோடு ஒட்டிய கை அங்கேயே இருந்தது.