ஒன்பது சாண் வாசல்

கொச்சி மட்டாஞ்சேரி மிளகு மண்டியில் வெங்கிடராமனின் சாண் பேர்போனது. பெட்டியோ மூட்டையோ, விரலை விரித்து வைத்து அவர் சொன்னால் சொன்னதுதான். டேப்பை எடுக்க ஒருத்தருக்கும் தோன்றாது. இருபது வருஷமாக யாரும் மறுத்துப் பேசாத கை. மனுஷனுக்கு அதுவே கேடாயிற்று.

2001இல் அவருக்கு நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஞாயிறு மத்தியானங்களை பிஜுவின் நெட் சென்டரில் ஒரு விளையாட்டில் கழித்தார். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். அதில் அவர் ஒரு குள்ளன். நீலி என்ற பெயரில் வரும் ராட்சசி ஒருத்தி மட்டும் அவரைச் சாப்பிட்டாயா என்று கேட்பாள். விளையாட்டுக்கு வெளியே அவரை அப்படிக் கேட்க ஆளில்லை.

ஒருநாள் அவள் எழுதினாள்: "அடுத்த ஞாயிறுதான் கடைசி. ஊர் மாறிப் போகிறேன், அங்கே நெட் இல்லை. உன் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன்."

குள்ளனுக்கு ஏது வீடு? அவசரமாக அவள் உயரம் கேட்டார். அளந்து பார்த்து, எட்டுச் சாண் என்றாள். வாரம் முழுக்கச் சாயங்காலம் ஓடிவந்து, ஒன்பது சாணில் வாசல் வைத்து வீடு கட்டினார்.

எண்சாண் உடம்பென்று ஊரே சொல்கிறதே, யாருடைய சாண் என்று கேட்கவேண்டாமா? அந்த விளையாட்டில் அளப்பவர் கைதான் அளவு. ராட்சசியின் ஒரு சாண் குள்ளனுக்கு மூன்று. தன் கையைத் தவிர வேறொன்றை நம்பிப் பழகாதவருக்கு இது எங்கே உறைக்கும்?

ஞாயிறன்று நீலி வந்தாள். "வாசல் சிறியது, நீலியால் நுழைய முடியவில்லை" என்றது திரை.

"என் இடுப்புக்குக்கூட வரவில்லை உன் வாசல். பரவாயில்லை, நீ வெளியே வா, பேசிக்கொண்டிருக்கலாம். அரைமணிதான் இருக்கிறது" என்று எழுதினாள்.

அவருக்கு மானமே போயிற்று. வந்தவளை வாசலில் நிறுத்துவதா? இடித்துக் கட்டிவிடுகிறேன் என்று பதில் போட்டு, மரம் வெட்டினார், அளந்தார், மறுபடி அளந்தார்.

"சேட்டா, சாயா எடுக்கட்டா?" என்றான் பிஜு.

"இப்ப வேண்டாம்டா. ஆத்துக்கு ஒருத்தர் வந்திருக்கா."

"வாசல் வேண்டாம், நீ வா" என்று நீலி இரண்டு தடவை கூப்பிட்டாள். இதோ ஆயிற்று என்றே இரண்டு தடவையும் சொன்னார்.

கடைசியில் இருபத்தேழு சாண் வாசல் எழுந்தது. உள்ளே வா என்றார்.

"வெளியே யாருமில்லை" என்றது திரை.

அவள் எந்த ஊர், நிஜப்பெயர் என்ன, எதுவும் அவர் கேட்டு வைத்திருக்கவில்லை. பிறகு குள்ளனை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். அதற்கு ஒரே ஒரு வார்த்தை தட்டினால் போதுமாயிருந்தது.