வேட்டுக்கு முன்னால்

அந்தமானுக்கு டிக்கெட் போட்ட மறுவாரமே மாரியம்மன் தேதியை மாற்றிவிட்டாள்.

மைக்கில் செய்தி வந்தபோது வீரமணி களியில் கை வைத்திருந்தான். வருகிற செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் கோயிலில் காப்புக் கட்டு, வூட்டுக்கு ஓர் ஆண் கட்டாயம் வந்து நிற்க வேண்டும் என்றது குரல். உருண்டை கையிலேயே நின்றது. அடுப்படியில் அவன் மனைவி சுகுணாவின் கரண்டிச் சத்தமும் நின்றது.

வருஷா வருஷம் ஆடிக் கடைசிச் செவ்வாயில்தான் காப்பு கட்டுவார்கள். அதை நம்பித்தான் முந்தைய வாரத்துக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். இந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் ஏதோ தகராறு வந்து, அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டார்களாம். பூ வலப்பக்கம் விழுந்து எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்னால் தள்ளிவிட்டது.

புதன்கிழமை விடிகாலையில் பெங்களூரில் விமானம். செவ்வாய் ராத்திரியே அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆனால் காப்பு கட்டியானதும் கோயிலில் ஒரு வேட்டு போடுவார்கள். அந்த வேட்டு வெடிக்கும்போது ஊர் எல்லைக்குள் இருப்பவர்கள், திருவிழா முடியும்வரை வெளியே ராத்தங்கக் கூடாது. வெளியே இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது.

டிக்கெட்டோ மலிவு டிக்கெட். தேதியும் மாறாது, பணமும் திரும்பாது.

அதைத் தேடிப் பிடித்ததே சுகுணாதான். பாப்பாரப்பட்டியில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் அவள் தீவுகளை மேய்ந்துகொண்டிருந்தாள். மழைக்காலம், யாரும் போக மாட்டார்கள், அதனால் விலை இறங்கியிருந்தது. தனியார் கப்பல் வேண்டாம், அரசாங்கக் கப்பல். கடல் பார்த்த அறை வேண்டாம், கால் இருக்கிறது, நடந்துபோய்ப் பார்க்கலாம். முதல் நாளுக்குப் புளிச்சோறு. அப்புறம் வெந்நீர் வைக்கும் கெட்டில் உள்ள அறை கிடைத்தால் ரவை உப்புமா. நீல் தீவில் உப்புமா என்று வீரமணி சிரித்தபோது, உப்புமா இல்லாவிட்டால் நீல் தீவே இல்லை என்றாள்.

கல்யாணம் ஊரடங்கில் நடந்தது. ஊட்டி போவதாக இருந்தது, போகவில்லை. அன்றிலிருந்து அவர்கள் படுக்கைக்கும் அம்மா காசியம்மாளின் கட்டிலுக்கும் நடுவே ஒரு பீரோ மட்டும். காசியம்மாள் மாதம் தவறாமல் பேரப்பிள்ளை கேட்பாள். இருமினால் பீரோவின் அந்தப் பக்கம் இருந்து, தண்ணி வேணுமா என்றும் கேட்பாள்.

அதனால்தான் பொய். வீரமணி வேலை பார்க்கும் தர்மபுரி பெயிண்ட் கடையில் அவனைச் சென்னைக்கு டிரைனிங் அனுப்புகிறார்கள், சுகுணா தாம்பரத்தில் சித்தி வீட்டில் இருப்பாள். காசியம்மாள் நம்பினாள். பருப்புப் பொடி இடித்துத் தருவதாகவும் சொன்னாள்.

மைக்கில் செய்தி வந்த அன்று ராத்திரி, பீரோவுக்கு இந்தப் பக்கம் சுகுணா கிசுகிசுத்தாள். "காப்புக்கு அப்புறம் நான் எல்லை தாண்ட மாட்டேங்க. எங்க ஏரியூர்ல தாண்டினவங்களுக்கு அம்மை போட்டத கண்ணால பாத்திருக்கேன். வேட்டுக்கு முன்னாடின்னா சொல்லுங்க, பறந்துடறேன்."

வீரமணியின் அண்ணன் தீர்த்தகிரி லாரியோடு நாக்பூரில் இருந்தான். வூட்டு ஆண் என்று நிற்க வீரமணியை விட்டால் ஆளில்லை. சீக்கிரமே போய் நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டு நழுவி வந்துவிடுவது, அதுதான் திட்டம்.

செவ்வாய்க்கிழமை அவன் நாலு பேர் கண்ணில் பட்டான். ஐந்தாவது ஆளாகப் பூசாரி முனியப்பன் பார்த்துவிட்டு, வேப்பிலைக் கட்டை அவன் கையில் திணித்து வரிசையின் முன்னால் நிறுத்திவிட்டார். கரகம் இன்னும் கிணற்றடியிலிருந்து கிளம்பவில்லை. பம்பைக்காரர் தோலைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார். ரேஷன் கடை ஓரத்தில் சுகுணா பைக்கின் மேல் உட்காருவதும் இறங்குவதுமாக இருந்தாள். பின்சீட்டில் மூட்டைபோல் ஒரு பை. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. வீரமணி வேப்பிலையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான்.

பம்பை ஒருமுறை அதிர்ந்தது. கரகம் வந்துவிட்டது.

அப்போதுதான் யாரோ அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். காசியம்மாள். முந்தானைக்குள் எதையோ பொத்தி வைத்திருந்தாள். கொஞ்சமாக விலக்கிக் காட்டினாள். அகலமான ஓலைத் தொப்பி.

"பருப்புப் பொடி வெக்கலாம்னு பையத் தொறந்தேன். சென்னை டிரைனிங்குக்கு இவ்ளோ பெரிய தொப்பி எதுக்குடா?"

வெயிலுக்கு என்றான்.

"கிளி படம் போட்ட அரை டவுசரும் வெயிலுக்கா?"

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. விமானம், தீவு, கப்பல், உப்புமா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். காசியம்மாள் தீவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் பார்வை சந்நிதியில் இருந்தது.

"பெத்தவகிட்ட சொன்ன பொய்யோட ஆத்தா முன்னாடி வந்து வேப்பல புடிச்சிட்டு நிக்கற. பயமா இல்ல உனக்கு?" வேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டாள். "வரிசைய விட்டுப் போடா. நம்ம வூட்டுக்கு நான் நிக்கறேன்."

பக்கத்து வீட்டு மாதவராஜ், பொம்பளைங்க நிக்கற வழக்கமில்லையே அக்கா என்று இழுத்தான். கோயில் வரி கேட்டு வந்தப்ப என்னைப் பொம்பளைன்னு தெரியலயா என்று அவள் கேட்டதும் அவன் செருப்பைத் தேடுவதுபோல் கீழே குனிந்துகொண்டான்.

வீரமணி தொப்பியோடு ஓடினான். தொப்பியைப் பார்த்ததுமே சுகுணாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திட்டினாங்களா என்றுகூடக் கேட்கவில்லை. பையை மடியில் இழுத்துக்கொண்டு, "எடுங்க வண்டிய" என்றாள்.

பின்னால் பம்பை வேகம் எடுத்தது. பால்வாடி கடந்தது. கோழிப்பண்ணை கடந்தது. ஓடைப் பாலம்தான் ஊர் எல்லை. அது கண்ணுக்குத் தெரிந்த அதே நேரத்தில், அதன் மேல் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஏறி, பள்ளத்தில் சக்கரம் இறங்கி நின்றது. பைக் நுழைய இடமில்லை. டிரைவர் முன்னும் பின்னும் உறுமவிட்டுக்கொண்டிருந்தார்.

வீரமணி ஹாரன் அடித்தான். பின்சீட்டு சட்டென்று இலேசானது. சுகுணா குதித்துவிட்டாள். பையைத் தலையில் வைத்துக்கொண்டு, டிராக்டருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து, டிரைவர் ஏசுவதைக் காதில் வாங்காமல் அந்தப் பக்கம் போய் விழுந்தாள்.

வேட்டு வெடித்தது.

பனைகளில் இருந்து காகங்கள் கிளம்பின. டிராக்டர் ஒரு குலுக்குக் குலுக்கி மேலே ஏறி, வழியை விட்டு ஊருக்குள் போனது. பாலம் காலியாக இருந்தது. அந்தக் கரையில் சுகுணா, இந்தக் கரையில் பைக்கும் வீரமணியும்.

அவன் வண்டியை நகர்த்தவில்லை. திருவிழா பார்க்க ஊரோடு இருந்துவிடுகிறேன், நீ மட்டும் போ என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். சுகுணா ஊர்ப்பக்கம் எழும்பிய புகையைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"ஏங்க, ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?"

அவன் டிராக்டர் போன பக்கம் திரும்பிப் பார்த்தான். "டிராக்டர் சத்தம்தான் கேட்டுச்சு."

"எனக்கும் அதான். வாங்க சீக்கிரம்."

பாப்பாரப்பட்டியில் அவள் வேலை செய்யும் மையத்தின் வாசலில் பைக்கைப் பூட்டிவிட்டு, தர்மபுரி போய், பெங்களூர் பஸ்ஸில் ஏறினார்கள். பக்கத்தில் பக்கத்தில், நடுவே பீரோ இல்லாமல். ஆனாலும் சுகுணா சன்னல் கம்பியை விடவில்லை. வீரமணி இரண்டு தடவை கிளிப் படம் போட்ட டவுசரைப் பற்றி ஜோக் அடித்துப் பார்த்தான். அவள் சிரிக்க முயன்று பாதியில் விட்டாள்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் போன் அடித்தது. அம்மா. அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, போனை அவளிடம் நீட்டினான். இன்னொரு பொய்க்கு அவனிடம் தெம்பில்லை. சுகுணா ஸ்பீக்கரில் போட்டாள்.

காப்பு நல்லபடி கட்டினார்கள், பூசாரி தன்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை என்றாள் காசியம்மாள். அப்புறம் குரலைத் தணித்துக் கேட்டாள். "வேட்டுக்கு முன்னாடியே எல்லை தாண்டிட்டீங்கல்ல?"

சுகுணா வீரமணியின் முகத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்தாள்.

"தாண்டிட்டேன், அத்த."

மறுமுனையில் காசியம்மாள் பம்பைச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தாள்.

"தாண்டிட்டேன்னா? அவன்?"