ஏழிலைத் தளிர்

அப்பாவின் உடலை வைத்த ஜனாஸாவைத் தூக்கியதும் வாசலில் நின்ற எல்யோர் "ஐயோ என் அப்பா" என்று இன்னொரு சுற்று ஓங்கிக் குரல் கொடுத்தான். தலையில் தொப்பி, நீல அங்கி, இடுப்பில் கட்டிய துண்டு, கையில் கோல். துக்கம் காக்கிற மகனுக்கு வேண்டிய எதிலும் குறை வைக்கவில்லை. உள்ளே பெண்களோடு நின்ற அவன் அக்கா சோலிஹாவுக்கு அந்தக் குரலைக் கேட்டு அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. காலையில் அவள் வந்து இறங்கியதும் தோளில் சாய்ந்து அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்த கையோடு, "அந்த மதில் ஓரத்தை எடுத்துட்டா காரு உள்ள வந்துரும்லக்கா" என்று கேட்டவன் அவன்தான்.

மதில் ஓரம் என்று அவன் சொன்னது அப்பாவின் ரோஜாச் செடிகளை. உஸ்பெக் நாட்டு நமன்கானில் பூ வளர்க்காத வீடு கிடையாது. அந்த ஊரிலேயே அப்பா நெமத்தின் வீட்டு ரோஜாவுக்கு ஒரு பெயர் இருந்தது. பதினெட்டுப் புதர்கள். நவம்பர் பிறந்தால் கிளைகளை வளைத்துப் படுக்கவைத்து, பனி தாங்க மண் அணைத்து மூடிவிடுவார். மார்ச்சில் மேகம் போட்ட ஒரு நாளாகப் பார்த்துத் திறப்பார். நல்ல வெயிலில் திறந்தால் கருகிவிடும், தள்ளிப்போட்டால் உள்ளேயே புழுங்கி அழுகிவிடும்.

இந்தத் தடவை இடுப்பு வலி என்று மூடுகிற வேலையை மகனிடம் விட்டார். அவன் மண்ணுக்கு மேல் கறுப்பு பாலித்தீனை வேறு விரித்து, வரிசையாகச் செங்கல் அடுக்கி வைத்தான். அதுதான் பார்க்கச் சுத்தமாக இருந்ததாம். பிப்ரவரியில் அப்பாவைப் பக்கவாதம் கட்டிலில் தள்ளியது. இன்று ஏப்ரல் இருபது. செங்கல் ஒன்றுகூட நகரவில்லை.

படுக்கையில் அப்பா கேட்டதெல்லாம் அந்த ஒன்றைத்தான். எல்யோர் போன வருஷத்துப் போட்டோவைப் போனில் காட்டி, "பாருங்க, தொறந்துட்டேன்" என்றிருக்கிறான். என்ன ஜென்மம் இவன் என்று சோலிஹா பல்லைக் கடித்தாள். ஆனால் அவள் மட்டும் என்ன வாழ்ந்தாள்? ஏப்ரல் முதல் ஞாயிறு வந்தபோது பாலித்தீனைத் தாண்டித்தான் உள்ளே போனாள். கோணிய வாயால் அப்பா, "தொறந்தாச்சா?" என்றார். அவள் வாழ்க்கைப்பட்ட கோசான்சாய்க்கு நாலு மணி பஸ், அங்கே பிள்ளைகள் தனியாக இருந்தார்கள். மண்ணைத் தள்ள நின்றால் பஸ் போய்விடும். "தொறந்தாச்சுப்பா. மொட்டுக்கூட வெச்சிருக்கு" என்றாள். மொட்டு அவளாகச் சேர்த்தது. அப்பா அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு நாமே வந்து திறந்துவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த ஞாயிறு புருஷன் வீட்டில் ஒரு கல்யாணம் வந்துவிட்டது.

ஆண்கள் அடக்கத்துக்குப் போய்விட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சோற்றைச் சுற்றி உட்கார்ந்து, அப்பாவுக்குக் கடைசியில் எத்தனை நாள் பேச்சு வந்தது என்று பெண்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலில் நெய் வழிந்தது. சோலிஹாவால் அங்கே உட்கார முடியவில்லை. அலமாரியில் இருந்த அப்பா கிளை வெட்டும் கவாத்துக் கத்தரியை எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனாள். பதினெட்டில் ஒன்றாவது தப்பித்திருக்க வேண்டும். அம்மா இறந்த வருஷம் அப்பா ஒட்டுக் கட்டிய மஞ்சள் ரோஜாவாவது.

"ஊரே வந்து போற நேரத்துல மண்ணைக் கிளறுறியே, பாக்கிறவங்க என்ன பேசுவாங்க?" என்று பின்னாலேயே வந்தாள் பக்கத்து வீட்டு மஸ்துரா. அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான்.

"பேசிட்டுப் போகட்டும்."

செங்கல்லைத் தள்ளிப் பாலித்தீனை உரித்து, கையாலேயே மண்ணை விலக்கியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. ஊறிப்போன சாக்கில் எலி செத்துக் கிடந்தது போன்ற நாற்றம். கிளைகள் கறுத்துக் கொழகொழத்துக் கிடந்தன. தொட்ட இடத்தில் தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. கணுவெல்லாம் சாம்பல் பூஞ்சணம், அதற்குள் நத்தைகள். அடுத்ததைத் திறந்தாள், அடுத்ததை. எல்லாம் ஒரே கூழ்.

மஸ்துரா முக்காட்டால் மூக்கைப் பொத்தினாள். "அட, இந்த வாடைதானா? நான் சாக்கடைன்னுல்ல நெனச்சேன்."

"எப்போ?"

"ஒரு வாரமாவே அடிச்சுதும்மா. உங்கப்பா ஜன்னலைச் சாத்துன்னு கையைக் காட்டுவாரு. காத்து வரட்டுமேன்னா கேக்கமாட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கப்புறம் செடியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை" என்றாள்.

அப்பாவின் அறை ஜன்னல் மதிலுக்கு எதிரேதான் இருந்தது. நாற்பது வருஷம் ரோஜாவோடு கிடந்தவருக்கு அந்த வாடை என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சோலிஹா தன் கையைப் பார்த்தாள். அவர் தட்டிக் கொடுத்த கைதான். அதைத் தொடவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மஞ்சள் ரோஜா கடைசியில் இருந்தது. கிளைகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பச்சை எங்குமில்லை, உள்தண்டு வரை பழுப்பு. ஆனால் அடியில், ஒட்டு முடிச்சுக்கும் கீழே, வெளுத்த தளிர் ஒன்று விரல் நீளத்துக்கு எட்டிப் பார்த்தது. இலைகளை எண்ணினாள். ஒரு காம்பில் ஏழு. மஞ்சள் என்றால் ஐந்துதான் இருக்கும். மஞ்சளை ஒட்டுவதற்கு அடிவேராக வைத்த காட்டு ரோஜா கிளம்பியிருந்தது. 'ஏழு இலை விட்டா இரக்கப்படாம வெட்டிரு, இல்லன்னா மேல இருக்கிறதைப் பட்டினி போட்டுரும்' என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். மேலே இப்போது எதுவும் இல்லை. அவள் கத்தரியைத் திறந்தாள்.

அதற்குள் ஆண்கள் திரும்பிவிட்டார்கள். எல்யோர் கோலைப் போட்டுவிட்டு வந்து திறந்து கிடந்த வரிசையைப் பார்த்தான். முகம் வெளிறியது. பிறகு தளிரைக் கண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு பொழைச்சிருக்கு" என்றான். வாசலில் கேட்ட குரல் அல்ல இது. "அம்மாவோட மஞ்சள்தானேக்கா?"

பின்னால் நின்ற பெரியவர்கள் செடியைப் பார்த்துப் பிரார்த்தனையாகக் கையேந்தி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். சோலிஹா கத்தரியை மடக்கினாள்.

"ஆமா, மஞ்சள்தான்" என்றாள். "கூட ரெண்டு தளிர் வரும்."

எல்யோர் கெண்டியை எடுத்து வந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான். அவள் குழாயடியில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மோந்து பார்த்தாள், வாடை போகவில்லை. அப்புறம் அப்பாவின் அறைக்குள் போய், உயிர் போனதும் யாரோ திறந்து வைத்திருந்த ஜன்னலைச் சாத்தினாள்.